பதினோராம் அறையை ஒப்படைத்த விதம்

ஜூலை மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை, மூன்றாவது பீரியடில், தற்காலிகத் தமிழாசிரியை பூங்கோதை காற்றில் விரலால் எழுதிக் காட்டிய 'அ' அங்கேயே நின்றுவிட்டது. அவள் கையை இறக்கினாள். எழுத்து இறங்கவில்லை. ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி, தரையிலிருந்து நாலடி உயரத்தில், கண்ணாடி வளையல் கனத்தில், தண்ணீர் நிறத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நேரே நின்று பார்த்தால் மங்கல், சற்றுப் பக்கவாட்டில் நின்றால் தெளிவு. தொட்டால் எவர்சில்வர் டம்ளரைத் தொட்டது போலிருந்தது. அன்றைக்குத் தில்லியில் தக்காளி கிலோ நூற்றைம்பதைத் தாண்டியிருந்தபடியால் ஆசிரியர் அறையில் எழுத்தைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. கிட்வாய் நகரிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

காற்றில் எழுதியது ஆசையால் அல்ல. பதினோராம் அறையில் கரும்பலகை இல்லை. ஸ்மார்ட் போர்டு வரப்போகிறது என்று முந்தைய வருடமே பழைய பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஸ்மார்ட் போர்டுக்கான ஃபைல் மூன்று மேஜைகளில் ஓய்வெடுத்துவிட்டு நாலாவது மேஜைக்கு நகர்ந்திருந்தது. சுவரில் மிஞ்சியவை நாலு திருகாணிகள். ஆறாம் வகுப்பில் மூன்றாம் மொழியாகத் தமிழ் எடுத்த முப்பத்தோரு பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமும் வந்து சேரவில்லை. வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் ஹிந்தி பேசுவார்கள், தமிழில் ஒரு பஸ் போர்டைக்கூடப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் எதிரே நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பூங்கோதை விரலை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து, புதிதாக வந்த டீச்சர் எப்படி என்று பார்க்க, அலுவலகக் கண்காணிப்பாளர் வெங்கடராமனின் தலை ஜன்னலில் தோன்றியது. பயத்தில் அவள் கை ஒருமுறை உதறியது. சுழி முடிந்து கீழே வளைகிற இடத்தில் 'அ'வின் வயிறு முழங்கை மாதிரி மடங்கிப்போய்விட்டது. மறுநாள் பக்கத்திலேயே ஒழுங்கான 'அ' ஒன்றை எழுதி, இதைப் பார்த்துப் படியுங்கள், அதைப் பார்க்காதீர்கள் என்றாள். பிள்ளைகளும் பார்க்கவில்லை.

பூங்கோதைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தில்லியிலேயே பிறந்தவள். அம்மா முத்துமாரி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளுக்குச் சமைத்துப்போடுகிறவள். அந்த வீடுகளில் கழித்துக்கட்டிய தமிழ் வாரப்பத்திரிகைகளை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, ஜுக்கிக் குடிசையில் ஒற்றை பல்பின் கீழே பி.ஏ.வும் பி.எட்.டும் முடித்த பெண் என்று சொன்னால், அதில் எத்தனை வைராக்கியம் இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வேலை என்று அமைந்ததெல்லாம் தற்காலிகம்தான். ஓரிடத்தில் மூன்று மாதம், இன்னோரிடத்தில் ஒரு டெர்ம், மற்றோரிடத்தில் ஐந்து மாதம். இது நாலாவது. நிரந்தர ஆசிரியை ரோஹிணி பிரசவத்துக்காக விடுப்பில் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை இவள். பாதி வெந்த சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு எழுந்து போவது போல ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் போயிருக்கிறாள். தான் சொல்லிக்கொடுத்தது பிள்ளைகள் மனத்தில் நின்றதா என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தெரிந்ததில்லை. சம்பளம் குறைவு என்பதைவிட இதுதான் அவளை அரித்தது.

எழுத்துகள் நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஐந்தாறு என்று சேர்ந்தன. உயிரும் மெய்யும் தீர்ந்து சொற்கள் வந்தன. 'மழை' கதவுப் பக்கம், 'அம்மா' மின்விசிறிக்கு நேர் கீழே, 'தக்காளி' அந்த மாதத்தின் விலையை மதித்து அறையின் நட்ட நடுவில். பிள்ளைகளின் மூக்குக்கு நேராக எழுதிப் பழகியதால் பெரியவர்கள்தான் குனிந்து வளைந்து உள்ளே வர வேண்டியிருந்தது. பி.டி. மாஸ்டர் ஒருநாள் 'ஐ'யில் நெற்றியை இடித்துக்கொண்டு, டெட்டால் வைத்து ஒற்றிக்கொண்டு போனார். தீபாவளி கழிந்து புகைமண்டலம் இறங்கியபோது எழுத்துகளின் மேல்விளிம்பில் கரி படிந்தது. அட்டெண்டர் சுப்பு காலையில் பெஞ்சுகளைத் துடைத்த கையோடு அவற்றையும் இறகுத் துடைப்பத்தால் தட்டிவிடுவார். பள்ளிகளைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் பதினோராம் அறையில் ஏழு நிமிடம் குனிந்தபடியே உலாவிவிட்டு, கற்பித்தல் உபகரணங்கள் போதிய அளவில் தொங்கவிடப்பட்டுள்ளன என்று குறிப்பெழுதினார். ஜனவரியில் உடைந்த கண்ணாடி வழியே பனிமூட்டம் உள்ளே புகுந்து எழுத்துகளின் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பத்து நாளும் கடைசி பெஞ்சுவரை எல்லாருக்கும் பளிச்சென்று தெரிந்ததால் பிள்ளைகள் அதிகம் படித்தது அப்போதுதான். குல்லாவையும் மஃப்ளரையும் 'ஜ'வில் மாட்டிவைத்தார்கள்.

அந்தப் பள்ளியைப் பூங்கோதைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தற்காலிகம் என்று யாரும் அவளைத் தனியாக உட்காரவைக்கவில்லை. நூலகர் தன் பருப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்துவார். சுப்பு தினமும் அவளுக்கென்று ஜன்னலோர நாற்காலியை வெயில் பார்த்துத் திருப்பிப் போடுவார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கரோல் பாகிலிருந்து இரண்டு மெட்ரோ மாறி வரும் மேதா, வீட்டில் அம்மாவுக்குத் தமிழ் மளிகைச் சீட்டைப் படித்துக் காட்டினேன் என்று சொன்ன அன்று பூங்கோதை பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். அவளுக்குப் பிடிபடாத ஒரே ஆள் வெங்கடராமன். தினமும் மூன்றாவது பீரியடில் ஒரு கையைப் பேன்ட் பையில் விட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். மணி அடித்ததும் போய்விடுவார். கண்காணிப்பாளர் என்றால் கண்காணிக்கத்தான் செய்வார் என்று எண்ணி அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு பாடம் நடத்துவாள்.

வெங்கடராமனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. தாத்தா காலத்தில் குமாஸ்தா வேலைக்கு வந்து கரோல் பாகில் மாடிப் போர்ஷனில் குடியேறிய குடும்பம். வெங்கடராமன் ஹிந்தியில் படித்து, இங்கிலீஷில் ஃபைல் எழுதி, தமிழில் சண்டை போட்டு ஐம்பத்தெட்டு வயதை எட்டியவர். கெட்டவர் அல்ல. விதி தெரிந்தவர். பள்ளியில் ஒரு டஸ்டர் தொலைந்தால் அது எந்த அறையில் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஊரிலிருந்து தமிழில் கல்யாணப் பத்திரிகை வந்தால் கண்ணாடியைக் காணோம் என்பார். மனைவி ராஜம்தான் படித்துச் சொல்வாள். முப்பது வருடமாகக் கண்ணாடி காணாமலே போய்க்கொண்டிருக்கிறது. ராஜமும் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

டிசம்பரில் ஒரு விஷயம் நடந்திருந்தது. மேதா தன் விரலை 'ம'வின் மேல் வைத்து, ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடம்வரை ஒரு நூல்கூடப் பிசகாமல் அப்படியே இழுத்தாள். எழுத்து கழன்று அவள் விரலோடு வந்துவிட்டது. வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது.

"மேம், இத நான் கர், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டா?" என்று கேட்டாள் மேதா.

"மத்தவங்களும் படிக்கணும்ல பாப்பா. இப்ப வச்சிடு. வருஷக் கடைசில எல்லாரும் எடுத்துக்கலாம்" என்றாள் பூங்கோதை. எடுத்த இடத்தில் வைத்ததும் 'ம' பிடித்துக்கொண்டது. ஆக, சரியாக எழுதத் தெரிந்த கைக்கு எழுத்து வரும் என்பது அன்றே தெரிந்துபோயிற்று. ஆனால் அதற்குப் பிறகு வேறெந்தப் பிள்ளையையும் அவள் முயன்று பார்க்க விடவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, பயம். முப்பத்தோரு பேரில் மேதா ஒருத்திக்குத்தான் வந்தது என்று தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் எந்த முகத்தோடு பாடம் நடத்துவது.

ரோஹிணியின் விடுப்பு இரண்டு தடவை நீண்டு, மார்ச் நடுவில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தார். குழந்தை 'உ'வை எட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ரோஹிணி அறை முழுக்கப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அழகா இருக்கு பூங்கோதை, என்னால இப்படி முடியாது என்று மனசாரச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, நான் வந்தப்புறம் என் கையெழுத்துல நான் சொல்லிக் கொடுக்கணும் இல்லையா, இவ்வளவுக்கும் நடுவுல நான் எங்க நின்னு எழுதறது என்றார். அதில் நியாயம் இருந்தது. அடுத்தவர் சமையற்கட்டில் நம் பாத்திரத்தைப் பரப்பி வைத்திருப்பது எப்படி என்று முத்துமாரியின் மகளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் யமுனைக்கு அந்தக் கரையில் ஒரு பள்ளியில் நிரந்தரத் தமிழாசிரியர் இடம் ஒன்று, ஒன்றே ஒன்று, விளம்பரமாகியிருந்தது. வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும், ஒரு கல்வியாண்டு ஒரே பள்ளியில் பணிபுரிந்த அனுபவச் சான்றிதழ் வேண்டும், மார்ச் பதினைந்து வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும். பூங்கோதைக்கு ஏப்ரலில் முப்பது முடிகிறது. முந்தைய மூன்று பள்ளிகளிலும் கல்வியாண்டு முடியும் முன்பே அனுப்பிவிட்டார்கள். முதல் தடவையாக ஜூலையிலிருந்து மார்ச் வரை ஒரே இடத்தில் இருந்திருக்கிறாள். சான்றிதழைப் பிரின்சிபால் டைப் அடித்துக் கையெழுத்தும் போட்டுத் தயாராக வைத்திருந்தார். ஆனால் அதைக் கையில் கொடுக்க வேண்டுமானால் கிளியரன்ஸ் ஃபாரத்தில் ஏழு கையெழுத்து வேண்டும். நூலகம், கம்ப்யூட்டர் அறை, விளையாட்டுச் சாமான், தேர்வுப் பிரிவு, ஆய்வகம், மருத்துவ அறை, கடைசியாக அறைப் பொறுப்பு. ஆறு கையெழுத்து அரை மணியில் கிடைத்தது. பி.டி. மாஸ்டர் நெற்றித் தழும்பைத் தடவிச் சிரித்துக்கொண்டே போட்டார். ஏழாவது வெங்கடராமனுடையது.

புதன்கிழமை மத்தியானம் அவர் ஃபாரத்தை வாங்கி, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜூலையில் பதினோராம் அறையை ஏற்றுக்கொண்டபோது அவள் கையெழுத்திட்ட பட்டியல். பெஞ்சு பதினாறு, நாற்காலி ஒன்று, மின்விசிறி இரண்டு, ஜன்னல் இரண்டு, அதில் கண்ணாடி உடைந்தது ஒன்று, சுவரில் திருகாணி நாலு, மற்றபடி அறை காலி.

"மற்றபடி காலின்னு நீங்கதானே சைன் பண்ணியிருக்கேள். இப்ப காலியாவா இருக்கு?"

"சார், அது சாமான் இல்ல சார். எழுத்து."

"எழுத்தோ எதுவோ, லிஸ்ட்ல இல்லாத அயிட்டம். ஸ்மார்ட் போர்டு சனிக்கிழமை வரது. மாட்டறவன் உள்ள நிக்கவாவது இடம் வேணாமா? நாளைக்கு ஒரு மணிக்குள்ள காலி பண்ணிக் காமிங்கோ, உடனே போட்டுடறேன்."

அவர் குரலில் கடுமை இல்லை. கொஞ்சம் தணிந்தே இருந்தது. ஆனால் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு சுப்புவும் அவளும் வேலையில் இறங்கினார்கள். ஈரத்துணி, துடைப்பம், சோப்புத் தண்ணீர் எதற்கும் எழுத்து மசியவில்லை. தோட்டக்காரரின் ரம்பத்தைக் கொண்டுவந்து 'ட'வின் மூலையில் வைத்து அறுத்துப் பார்த்தார் சுப்பு. ரம்பத்தின் பல்தான் இரண்டு போயிற்று. எழுத்தை எடுக்கிற வழிதான் தெரியுமே என்று பூங்கோதை தானே 'க'வின் மேல் விரலை வைத்து இழுத்தாள். அவள் விரல் காற்றில் போன இடமெல்லாம் எழுத்து நிற்கும் என்பதால் அதன் மேலேயே இன்னொரு 'க' முளைத்தது. சுப்புவுக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"நூத்தி எண்பத்தேழு இருந்துச்சுங்க டீச்சர். இப்ப நூத்தி எண்பத்தெட்டு" என்றார். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, "புள்ளைங்களைக் கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

இது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. முதலில் தோன்றியதே இதுதான். ஆனால் நாளைக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக எழுத்தை எடுக்கச் சொன்னால், அது அவர்களுக்கு வைக்கிற பரீட்சை இல்லை. எட்டு மாதம் இங்கே நின்று கத்தியது யாருக்காவது போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்கு வைக்கிற பரீட்சை. வரவில்லையென்றால் சான்றிதழும் போயிற்று, அதைவிடப் பெரிதாக வேறொன்றும் போயிற்று. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. முத்துமாரி என்னவென்று கேட்டு, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, மூணு வீட்டுச் சட்டியில் என் கை ருசி இருக்குதான்னு நான் தின்னு பாத்துக்கிட்டா இருக்கேன், அவங்க சட்டிய வழிச்சு வைக்கிறதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன், நீ போய்க் கேளு என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பிள்ளைகள் நின்றார்கள். தெரிந்ததை எடுங்க, தெரியாததை விடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் சுவரோரமாகப் போய்த் திருகாணிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலில் அக்ஷய். தமிழ்ப் பாடத்துக்கு ஹிந்தியில் பதில் சொல்கிறவன். அவன் 'ற'வின் மேல் விரலை வைத்து மூன்று தடவை தவறவிட்டான். நாலாவது தடவை அச்சா என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அவளுக்குக் கேட்டது. திரும்பினாள். அவன் விரல் நுனியில் 'ற' ஆடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவள் திரும்பி நின்றே பார்த்தாள். உதயா 'மழை'யை மூச்சுவிடாமல் ஒரே இழுப்பில் மொத்தமாகக் கழற்றிக்கொண்டு போனாள். ஜ்யோத்ஸ்னா என்கிற வாயே திறக்காத பெண், யாரும் கவனிக்காதபோது பதினான்கு எழுத்தை எடுத்து பெஞ்சில் அடுக்கிவிட்டாள். 'தக்காளி'யை ஆறு பேர் சேர்ந்து எடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுதான் வந்தது, அதற்கே அவர்கள் அதை டிஃபன் பாக்ஸில் வைத்து மூடி இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்கள். 'உ'வை ஒருத்தி காதில் மாட்டிக்கொண்டாள், 'ஐ'யை ஒருவன் தோளில் மாட்டிக்கொண்டான், பாக்கியெல்லாம் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் போயின. பூங்கோதை அழுதாள், இந்தத் தடவை பாத்ரூமுக்குப் போகவில்லை. அந்த முப்பத்தோரு பிள்ளைகளைப் போல இன்னொரு கூட்டத்தை இந்தத் தில்லியில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது என்பது அவள் கருத்து. இதை எழுதுகிறவரின் கருத்தும் அதுவே.

பன்னிரண்டரைக்கு அறையில் பெஞ்சும் நாற்காலியும் மின்விசிறியும்தான் இருந்தன. சுப்பு சுற்றிச் சுற்றி வந்தார். சந்தோஷமாகத்தான் வந்தார், ஜன்னல் பக்கம் போனதும் நின்றுவிட்டார். ஒன்று இருக்குதுங்க டீச்சர் என்றார். முதல் நாள் எழுதிய கோணல் 'அ'. மேதா போய் விரலை வைத்து இழுத்தாள். எழுத்து லேசாக நடுங்கியதோடு சரி. ஜ்யோத்ஸ்னா இழுத்தாள், உதயா இழுத்தாள், முப்பத்தோரு பேரும் இழுத்தார்கள். எல்லாருக்கும் 'அ' அழகாக வந்தது, அதனால்தான் வரவில்லை. அந்த மடங்கின இடத்துக்கு வரும்போது ஒவ்வொரு விரலும் தானாகவே ஒழுங்கான வழியில் போய்விட்டது. தப்பாக எழுத அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பூங்கோதை விரலை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், இன்னொன்று முளைத்துவிடக்கூடாது. பன்னிரண்டு ஐம்பதுக்கு வெங்கடராமன் பட்டியலும் ஃபாரமுமாக உள்ளே வந்தார்.

அவர் பெஞ்சை எண்ணினார். மின்விசிறியைப் பார்த்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுவே முதல் தடவை, எட்டு மாதமும் வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார். ஜன்னலோரம் வந்ததும் நின்றார். பூங்கோதை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூன்று பள்ளிகளில் வாசல்வரை வந்து திரும்பிப்போன சான்றிதழ் இங்கேயும் திரும்பப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. சார், நேரம் இருக்கு, பத்து நிமிஷம் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"இது நீங்க முதல் நாள் எழுதினது" என்றார் வெங்கடராமன்.

"ஆமா சார். நீங்க ஜன்னல்ல வந்தீங்க, கை உதறிடுச்சு."

அவர் பட்டியலையும் ஃபாரத்தையும் சுப்புவிடம் கொடுத்தார். பேன்ட் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். அந்தப் பையின் உட்துணி ஒரு மாமாங்கம் உரசியது போல நைந்து தொங்கியதை மேதா பார்த்தாள். அவர் விரலை எழுத்தின் மேல் வைத்தார். சுழித்தார், கீழே இறக்கினார், முழங்கை மாதிரி மடங்கின இடத்தில் சரியாக அதே இடத்தில் விரலை உதறினார், வளைத்து ஏற்றி, நேர்கோட்டை இழுத்து முடித்தார். ஒரு நாளில் வருகிற கை அல்ல அது. எட்டு மாதம் தினமும் மூன்றாவது பீரியடில், பைக்குள், யாருக்கும் தெரியாமல் எழுதி எழுதி வந்த கை. கோணல் 'அ' கழன்று அவர் விரலோடு வந்தது.

மேதா, தப்பைக் கண்டால் சும்மா இருக்க மாட்டாள், "சார், அது தப்பான அ" என்றாள்.

"தெரியும்மா" என்றார் வெங்கடராமன். "எனக்கு இதுதான் வரும்."

அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஃபாரத்தை வாங்கி, அறை எண் பதினொன்று காலியாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று இங்கிலீஷில் எழுதி, மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு என்று நேரமும் போட்டுக் கையெழுத்திட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அந்த 'ஆ'வெல்லாம் நான் ஜன்னலுக்கு வரதுக்கு முன்னாடியே சொல்லி முடிச்சுடுவேளே, காலம்பற மீட்டிங் இருக்கற நாளெல்லாம் பாடமே எனக்கு விட்டுப்போயிடுத்து என்று யாரிடமென்றில்லாமல் சொன்னார். பூங்கோதை இரண்டு கையையும் குவித்தாள். நல்ல வாத்தியாரம்மாவுக்கு அவர் செய்த மரியாதை அவ்வளவுதான். அது போதும் என்று அவளுக்கு இருந்தது.

தற்காலிக ஆசிரியர்களுக்குப் பிரிவுபசாரம் நடத்துகிற வழக்கம் அந்தப் பள்ளியில் இல்லை. சால்வையும் சுவர்க்கடிகாரமும் நிரந்தரமாக இருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்குத்தான். நூலகர் சமோசா வாங்கிவைத்திருந்தார். சுப்பு ஜன்னலோர நாற்காலியைக் கடைசியாக ஒரு தடவை வெயிலுக்குத் திருப்பிப் போட்டு, சித்த உக்காந்துட்டுப் போங்க டீச்சர் என்றார். உட்கார்ந்தாள். வெறும் அறை எத்தனை பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு மணிக்கு சான்றிதழ் வைத்த கவரையும் குடையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வெளியே போகும் பொருள்களை எழுதுகிற கேட் நோட்டில் அன்று காவலாளி முப்பத்தோரு பிள்ளைகளின் பெயருக்கு எதிரேயும் எழுத்து, சொந்தம் என்று ஹிந்தியில் எழுதியிருந்தார். பூங்கோதையின் பெயருக்கு எதிரே குடை ஒன்று என்று எழுதினார். பள்ளி வேன் ஒன்று அவளைக் கடந்து போனது. ஜன்னலுக்கு வெளியே ஒரு 'ஐ' நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இழுத்துக்கோ, இடிக்கப் போவுது என்று கத்திவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு அவள் சான்றிதழைக் கொடுத்தாள். மே மாதம் நேர்முகம், ஜூலையில் வேலை. அந்தப் பள்ளியில் கரும்பலகை இருக்கிறது, அதில் எழுதுகிறாள், மணி அடித்ததும் அழிக்கிறாள். போய்ச் சேர்ந்ததா என்ற கவலை இப்போது அவளுக்கு இல்லை. ஸ்மார்ட் போர்டு அந்தச் சனிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்த தீபாவளிக்கு வந்தது, ரோஹிணி அதுவரை பெரிய சார்ட் தாளில் எழுதிச் சமாளித்தார். கரோல் பாகில் மேதாவின் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு மேலே 'ம' தொங்குகிறது, பால் கவர் கணக்கைச் சொல்லும் காலண்டரை அதில்தான் மாட்டியிருக்கிறார்கள். அக்ஷய் தன் 'ற'வை மெட்ரோவில் ஒரு தடவை தொலைத்து, தொலைந்த பொருள் அலுவலகத்தில் அடையாளம் சொல்லி, அதாவது எழுதிக் காட்டி, வாங்கிவந்தான். சென்ற மாதம் மதுரையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தபோது வெங்கடராமன் கண்ணாடியைத் தேடாமல் 'அன்புடையீர்' என்பதன் முதல் எழுத்தைத் தானே படித்தார், மீதியை ராஜம் படித்தாள். அலுவலகத்தில் அவருடைய மேஜைக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கோணல் 'அ' நிற்கிறது. அடுத்த வருடம் ஓய்வு பெறும்போது ஒப்படைக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை, சொந்தம் என்று சொல்லிவிட்டார். புதிதாக வந்த குமாஸ்தா முதல் நாள் அதில் தலையை இடித்துக்கொண்டாள். இரண்டாம் நாளிலிருந்து குனிந்து போகிறாள். பதினோராம் அறையின் சாவி அந்த மடங்கின இடத்தில்தான் தொங்குகிறது.